தெளிவை இறுத்த ஒன்பது நாட்கள்

பத்து மணி நாற்பது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். துறைமுகப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது: முற்பகல் பத்து நாற்பது, இரண்டாம் இலக்க வின்ச், தேயிலைப் பெட்டிகள் விழுந்து ஒருவருக்குக் காயம். அந்த நேரத்தில் நான் நாலாம் வகுப்பில் பின்னக் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆனால் காரியம் பிழைக்கத் தொடங்கியது அன்று காலை ஐந்து மணி இருபதுக்கு, லிங்கநகரில் என் குசினி அடுப்படியில். அதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆகையால் நான் எழுதுகிறேன்.

மருந்துப் போத்தலை முதல் நாளே அசையாமல் அலுமாரித் தட்டில் வைத்திருந்தேன். மேலே தெளிந்து நின்றதை மட்டும் பழைய வேட்டித் துணியில் மெல்ல இறுத்தேன். கசாயம் இறுப்பதுபோல. அடியில் கிடந்த மண்டி அசையவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மகன் யோகன் கிளாசை வாங்கினான். கிளாஸ் அவன் பல்லில் டக்டக்கென்று தட்டியது.

"அம்மா, டொக்டர் அளவைக் குறைச்சுப்போட்டாரோ?"

"கிழமைக்குக் கிழமை குறையும் எண்டு சொன்னவர்தானே."

"இல்லையம்மா. இது வெறும் தண்ணி மாதிரிக் கிடக்கு."

"குடிச்சிட்டுப் போ தம்பி. ஆறு மணிக்குப் பேர் கூப்பிடப் போறாங்கள்."

குடித்தான். போனான். படலையைச் சாத்த அவனுக்குக் கை வரவில்லை. அது திறந்தபடியே கிடந்தது.

யோகனுக்கு இருபத்தாறு வயது. வின்ச் ஓட்டுகிறவன். வின்ச் என்பது கப்பல் தளத்தில் நிற்கும் பாரந்தூக்கும் யந்திரம். பக்கத்தில் கட்டிய பார்ஜ் படகிலிருந்து தேயிலைப் பெட்டிகளைக் சிலிங் என்ற கயிற்று வலையில் தூக்கிக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கும். அதை ஓட்டுகிறவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. வயிற்றின் திறந்த வாயோரம் ஒருவர் நின்று கையால் சைகை காட்டுவார். விரலைச் சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. கையைப் பொத்தினால் நிறுத்து. வின்ச்காரனுக்குக் கண் அந்தக் கைதான். யோகனின் கண்ணாக நின்றவர் கிண்ணியா இஸ்மாயில்; காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம்.

இரண்டு வருடங்களுக்கு முன் யோகன் கால் தவறிக் கப்பலின் வயிற்றுக்குள் விழுந்தான். முதுகெலும்பில் வெடிப்பு. இரண்டு மாதம் மல்லாக்கக் கிடந்தான். நோவுக்குப் பெதிடின் என்ற ஊசி போட்டார்கள். அது அபினைப்போல வேலை செய்கிற மருந்து. அந்த ஊசி இல்லாவிட்டால் அவன் அந்த நாட்களைத் தாண்டியிருக்க மாட்டான்; அதில் நான் யாரையும் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஊசி நின்றது. நோ நிற்கவில்லை. ஜெற்றியடியில் எவனோ ஒருவன் மிளகளவு கறுப்பு உருண்டையொன்றைச் சிகரெட் வெள்ளித்தாளில் சுற்றிக் கொடுத்திருக்கிறான். அது நாளுக்கு ஒன்று, பிறகு மூன்று, பிறகு ஆறு.

தோய்க்கப் போட்ட சட்டைப் பையில் அதைக் கண்டேன். புளியென்று நினைத்து நாக்கில் வைத்தேன். கசந்தது. ஒரு கிழமை நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே ஒருநாள் குசினி வாசலில் வந்து நின்று, "அம்மா, என்னை எங்கையாவது கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்குத் தனிய ஏலாது," என்றான்.

அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டர் எங்களைத் திட்டவில்லை. "உடம்பு அபினை ஊன்றுகோலாக்கிக்கொண்டுது டீச்சர்," என்றார். "ஊன்றுகோலை ஒரேயடியாப் பறிச்சால் ஆள் விழுவார். கிழமைக்கு ஒரு விரற்கடை வெட்டிக் குறைச்சுக்கொண்டு வந்தால், ஒருநாள் கோல் இல்லாமலே நடப்பார்." அளந்த அபினைக் கலவை மருந்தாகக் கொடுப்பார், ஒவ்வொரு கிழமையும் அளவு குறையும், மூன்று மாதத்தில் முடியும். ஆஸ்பத்திரி வாட்டில் படுத்துக்கொண்டு செய்வது நல்லது என்றார். அதற்கு வழியில்லை. துறைமுகத்தில் யோகனுக்கு ஒரு பித்தளை இலக்கம் இருந்தது. காலை ஆறு மணிக்கு அந்த இலக்கத்தைக் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். வேலையில் பட்ட காயமென்றால் விட்டுவைப்பார்கள்; மற்றப்படி அடுத்தடுத்து நாலு நாள் ஆளில்லையென்றால் இலக்கம் வரிசையில் நிற்கிற அடுத்தவனுக்குப் போய்விடும். பாண் ரொட்டிக்கே விடியமுன் வரிசையில் நின்ற காலம் அது. போன இலக்கம் திரும்பி வராது.

"அப்ப வேலைக்குப் போய்க்கொண்டே செய்வம்," என்றார் டொக்டர். "வேலை செய்யிற இடத்தில ஒருத்தருக்கெண்டாலும் தெரிஞ்சிருக்க வேணும். மருந்து அம்மாவின்ர கையில இருக்க வேணும்."

யோகன் இஸ்மாயில் காக்காவிடம் சொன்னான். அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, "நான் பார்த்துக்குவன் டீச்சர். அவன்ட கண்ணே நான்தானே," என்று சொல்லி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். மருந்து என் கைக்கு வந்தது. போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மருந்து கலப்பவர் அதை நிரப்பி, பல்லுப்பல்லாக வெட்டிய கடதாசியொன்றைப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல் ஒரு வேளை. பதினாலு பல், ஒரு கிழமை. "குலுக்கிக் குடியுங்கோ," என்று எல்லோருக்கும் சொல்வதுபோல எனக்கும் சொன்னார்.

முதல் இரண்டு கிழமை குலுக்கித்தான் கொடுத்தேன். அவன் வேலைக்குப் போனான், சாப்பிட்டான், சிரிக்கவும் சிரித்தான். ஆனால் விடியற்காலையில் அவன் அந்தக் கிளாசுக்காகக் காத்து நிற்கிற கண், முன்னர் உருண்டைக்காகக் காத்து நின்ற அதே கண். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைப்பேன். பெற்ற பிள்ளைக்கு நானே என் கையால் அபின் ஊட்டுகிறேனே என்று. மூன்றாம் போத்தல் வந்த அன்று அதை மேசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், மேலே தெளிவு, கீழே மண்டி. எங்கள் வீடுகளில் மண்டியோடு எவரும் மருந்து குடிப்பதில்லை. தெளிவு மருந்து, மண்டி கழிவு. அடியில் கிடப்பதுதான் அபின். மேலே நிற்பது டொக்டரின் மருந்து. தெளிவை மட்டும் கொடுத்தால் பிள்ளை மூன்று மாதத்துக்குப் பதிலாக மூன்று கிழமையில் வெளியே வருவான் என்று நான் எண்ணினேன். டொக்டரைக் கேட்கவில்லை. கேட்டால் மறுப்பார் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் போத்தலின் மண்டியைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன்.

இரண்டாம் நாள் அவனுக்குக் கொட்டாவி நிற்கவில்லை. கண்ணும் மூக்கும் ஓடின. மூன்றாம் நாள் வயிற்றோட்டம். நாலாம் நாள் சோற்றுப் பானையைக் காலால் உதைத்தான். சுடுசோறு சுவரெல்லாம் அப்பியது. ஐந்தாம் நாள் யன்னல் கண்ணாடிக்குள் கையை விட்டான். இரத்தம் முழங்கை வழியே ஒழுக, "நோகேல்லையம்மா, இதுதான் நோகாத ஒரே இடம்," என்றான். எலும்புக்குள் யாரோ அரம் போட்டு ராவுவதுபோல் இருக்கிறதென்றான். அப்போதும் நான் விளங்கிக்கொள்ளவில்லை. விஷம் இறங்கும்போது உடம்பு துள்ளத்தானே செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை, தேத்தண்ணி சுணங்கிவிட்டதென்று அவனுடைய அப்பா, "கொஞ்சம் பொறன்," என்றார். என் கணவர் தபாற்கந்தோரில் வேலை செய்பவர். குரலுயர்த்திப் பேசத் தெரியாதவர். யோகன் அவரைக் கதிரையோடு தள்ளிச் சுவரோடு அமர்த்தி வாயில் குத்தினான். ஒரு குத்தல்ல. நான் அவன் முதுகில் தொங்கி இழுத்தேன். முழங்கையால் என் நெஞ்சில் இடித்தான். நிறுத்தியபோது அப்பாவின் பல் ஒன்று தேத்தண்ணிக் கோப்பைக்குள் கிடந்தது. யோகன் அதைப் பார்த்தான். இரண்டு விரலால் எடுத்தான். கழுவினான். அப்பாவின் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு சிறுபிள்ளைபோல அழுதுகொண்டு, ஆறு மணிக்குப் பேர் கூப்பிடுவார்கள் என்று ஓடினான்.

அடுத்த நாள் நாலாம் போத்தல் எடுத்துவந்தேன். அதையும் தெளியவிட்டேன். அடுத்த காலைதான் நான் முதலில் சொன்ன ஐந்து மணி இருபது.

கப்பலில் நடந்ததை நான் காணவில்லை. யோகனும் இஸ்மாயில் காக்காவும் தனித்தனியே சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். வெயில் தண்ணீரில் பட்டு அடித்துக்கொண்டிருந்தது. யோகனின் கண்ணுக்கு அந்த வெளிச்சம் ஊசி குத்துவதுபோல இருந்தது. வலை நிறையப் பெட்டிகள் அந்தரத்தில் தொங்கின. இஸ்மாயில் காக்கா கையைப் பொத்தினார். யோகனும் அதைக் கண்டான். ஆனால் அந்த நேரம் பார்த்து அவனுடைய தோளும் காலும் ஒருமிக்க உதறின. பாரத்தைப் பிடிக்கும் பிரேக் விட்டது. பெட்டிகள் விழுந்தபடி ஊஞ்சலாடி வந்து காக்காவை விளிம்பிலிருந்து தள்ளித் தளத்தில் அடித்தன. ஒரு பெட்டி அவர் வலத் துடையில் குத்திட்டு விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வின்ச் சத்தத்துக்கு மேலாகக் கேட்டதாம்.

பிறகு ஆட்கள் யோகனை வின்ச்சிலிருந்து இழுத்து விழுத்தினார்கள். எவனோ அவன் வாயை முகர்ந்து பார்த்து, "சாராயமில்லையடா, இது வேற சாமான்," என்றான். அடித்தார்கள். உதைத்தார்கள். ஒருவன் சாக்குக் கொக்கியால் தோளில் கொத்தினான். கொக்கி காறையெலும்புக்குக் கீழே ஏறி இறங்கியது. தளத்தில் கிடந்தபடி இஸ்மாயில் காக்காதான் கத்தினாராம்: "விடுங்கடா அவன! அவனச் சாகடிச்சா என்ட கால் ஒட்டுமா?"

தலைமையாசிரியர் வந்து கூப்பிட்டபோது, கையில் சுண்ணக்கட்டியோடு ஓடினேன்.

ஆண்களின் சத்திரசிகிச்சை வாட்டில் கட்டில் இல்லாத காலம். கிடைத்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றில் இஸ்மாயில் காக்கா. அவருடைய காலை நீட்டி, கயிறு கட்டி, கட்டில் முனையிலிருந்த கப்பியில் விட்டு, மணற்பையொன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். முறிந்த துடையெலும்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் அந்தப் பாரம் இழுத்துப் பிடிக்கும். பத்து, பன்னிரண்டு கிழமை அப்படியே கிடக்க வேண்டும். மற்றக் கட்டிலில் யோகன். தோளில் தையல். இரண்டு கையும் இரண்டு காலும் பண்டேஜ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தது. கட்டாவிட்டால் தையலைப் பிய்த்துவிடுவான்.

காக்காவுக்கு நோவுக்குப் பெதிடின் போட்டார்கள். அந்த ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்கிற சின்னச் சத்தம் கேட்டதும் யோகன் கட்டிலோடு எழும்பினான். சொல்லக்கூடாத சொல்லெல்லாம் சொன்னான். அமத்திப் பிடிக்கக் குனிந்த அட்டென்டன்டைத் தலையால் முட்டினான். தண்ணீர் பருக்கப்போன அப்பாவின் கையைக் கடித்தான். "எனக்குத் தாங்கோ! அந்தாளுக்கு ஒண்டும் செய்யாது, எனக்குத் தாங்கோ!" வாட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாதி திரையை இழுத்தார். திரைக்குப் பின்னால் கட்டில் இரும்பு தரையில் அடிபடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

பார்வையாளர் நேரத்தில் காக்காவின் பெண்சாதியின் தம்பிமார் இருவர் கிண்ணியாவிலிருந்து வந்தார்கள். பெண்சாதி நூரும்மா வரவில்லை. பிள்ளை பிறந்து ஆறு நாள்தான். நாற்பது நாள் கழியாமல் வெளிக்கிட ஏலாது. வந்தவர்கள் அத்தானின் காலைப் பார்த்தார்கள். பிறகு மூத்தவன் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், கட்டப்பட்டுக் கிடந்த யோகனின் கழுத்தைப் பிடித்தான். நான் அவன் கையில் தொங்கினேன். என்னைச் சுழற்றி எறிந்தான். என் தலை மருந்துத் தள்ளுவண்டியில் அடிபட்டது.

"கைய எடுடா!" என்றார் காக்கா. "கட்டிப்போட்ட ஆளுக்கு அடிக்கிறதுதான் வீரமா? நான் எழும்பி வந்தனெண்டா…" எழும்பப் போனார். மணற்பை கட்டிலில் மோதியது. அவர் போட்ட கூச்சலில் மூத்தவனுடைய பிடி தானாகவே விட்டது.

போகும்போது அவன் என்னிடம் சொன்னான்: "துறைமுகத்துக்குப் பெட்டிசம் எழுதப் போறம். அத்தான் கைநாட்டு வைக்காட்டி எங்கட ராத்தா நூரும்மா வைப்பா. ஒங்கட மகன்ட இலக்கம் போகும், ஆளும் உள்ளுக்குப் போவான்."

இரவில் ஆண்கள் வாட்டில் பெண்கள் நிற்க விடமாட்டார்கள். அப்பாதான் நின்றார்.

மறுநாள் காலை டொக்டர் வந்தார். யோகனின் இமையைத் தூக்கி டோர்ச் அடித்தார். அபின் உடம்பில் இருந்தால் கண்மணி ஊசிமுனையளவுக்குச் சுருங்கும், இல்லாவிட்டால் விரியும். அவனுடையது இருட்டில் பூனைக் கண் விரிவதுபோல விரிந்து கிடந்தது.

"நான் தாற அளவுக்கு நீர் இப்பிடிக் கிடக்கக் கூடாது ஐசே," என்றார். "உண்மையைச் சொல்லும். மருந்தை விக்கிறீரோ?"

"இல்லை டொக்டர்."

"அப்ப அது எங்க போகுது?"

"தெரியாது டொக்டர். அம்மா தாறதைக் குடிக்கிறன்."

"வித்திருந்தால் நான் வைத்தியத்தை நிப்பாட்டிப்போடுவன். துறைமுகத்துக்கும் அதைத்தான் எழுத வேண்டி வரும்." பிறகு என்னைப் பார்த்தார். "போத்தல் எங்க டீச்சர்?"

"வீட்டில."

"கொண்டு வாங்கோ."

வீட்டுக்கு வந்தேன். போத்தல் நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதை எடுத்து நன்றாகக் குலுக்கினால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அல்லது கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, விழுந்து உடைந்தது என்று சொல்லலாம். குசினியில் நின்றேன். அப்பா வாய் வீங்கி, கடிபட்ட கையில் துணி சுற்றிக் கதிரையில் இருந்தார்.

"குலுக்காமல் கொண்டு போம்," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உமக்குத் தெரிஞ்சுதான் செய்யிறீர் எண்டு நினைச்சனான்."

பஸ்ஸில் அந்தப் போத்தலை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் என் உடம்பை வளைத்துக் கொடுத்து அதை அசையாமல் வைத்தேன். என் வாழ்நாளில் வேறெதையும் அப்படிக் கொண்டுபோனதில்லை.

டொக்டர் யன்னல் வெளிச்சத்தில் அதைத் தூக்கிப் பிடித்தார். அடியில் இரண்டு விரற்கடைக்கு மண்டி.

"எப்பிடிக் குடுத்தனீங்கள்?"

"தெளிவை இறுத்து."

"எத்தினை நாள்?"

"ஒன்பது."

"அபின் தூள் தண்ணியில முழுசாக் கரையாது டீச்சர். சுண்ணக்கட்டி மாவோட கலந்துதான் தாறது. குலுக்கினால் எல்லா வேளைக்கும் ஒரே அளவு. குலுக்காட்டில் அடியில போய்க் குந்தியிரும். நீங்கள் குடுத்தது தண்ணி. ஊன்றுகோலை நீங்கள் ஒரேயடியாப் பறிச்சுப்போட்டியள்." போத்தலைக் கீழே வைத்தார். "போன கிழமை மண்டி எங்க?"

"வாழைக்கு ஊத்தினன்."

"அப்ப உங்கட வாழைக்குத்தான் நல்ல வைத்தியம் நடந்திருக்கு."

நான் திரும்பினேன். திரை விலகியிருந்தது. கட்டிலில் கட்டுண்டு கிடந்த யோகன் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். கத்துவான், காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தேன். உதடு வெடித்துப்போயிருந்தது. மெல்லத்தான் சொன்னான்:

"அவன் ஜெற்றியடியிலதான் நிண்டவன் அம்மா. ஒன்பது நாளும் நிண்டவன். கடனுக்கும் தாறன் எண்டவன். நான் வாங்கேல்லை. நீங்கள் தாறதுதான் மருந்து எண்டு நான் வாங்கேல்லை."

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

சரியான அளவு மருந்தைக் குலுக்கிக் கொடுத்தார்கள். மூன்றாம் வேளைக்குப் பிறகு நடுக்கம் தணிந்தது. அடுத்த நாள் கட்டை அவிழ்த்தார்கள். அவன் முதன்முதலாகச் செய்தது, காக்காவின் கட்டிலண்டை போய்க் கால்மாட்டில் நின்றதுதான். காக்கா கண்ணை மூடிக்கொண்டார். யோகன் நின்றுகொண்டே இருந்தான்.

அன்று பின்னேரம் துறைமுக அதிகாரி வாக்குமூலம் எடுக்க வருவதாக இருந்தது. வின்ச்காரன் மதிமயக்கத்தில் இருந்தான் என்று காக்கா சொன்னால் இலக்கம் அப்போதே போய்விடும். இலக்கம் போனால் யோகன் ஜெற்றியடிக்கு வேறெதற்கும் போகத் தேவையில்லை, அந்த உருண்டைக்காரனைத் தேடிப் போவதைத் தவிர. அதிகாரி வருமுன் நான் காக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், துணி, தெளிவு, வாழை, ஒன்றையும் விடவில்லை.

அவர் முகட்டைப் பார்த்தபடி கேட்டார். பிறகு, "படிப்பிக்கிற ஆள்," என்றார். "எத்தின புள்ளையள் ஒங்கட கையால எழுதப் பழகிருக்கும்."

நான் நழுவிக் கிடந்த போர்வையை அவர்மேல் இழுத்துவிட்டேன்.

"அண்டு காலையில அவன்ட கண்ணைப் பார்த்தன் டீச்சர். கண்ணால ஓடுது, கை ஆடுது. இவனுக்கு இண்டைக்கு ஏலாதெண்டு எனக்கு வெளங்கின. வேலைய நிப்பாட்டினா மேற்பார்வை போமன் ஏனெண்டு கேப்பான். கேட்டா இவன்ட இலக்கம் போயிரும். சரி, இந்த ஒரு கப்பல் முடியட்டுமெண்டு சைகை காட்டின நான். ஒங்கட கை ஒண்டு. என்ட கை ஒண்டு." கப்பியில் தொங்கிய காலைப் பார்த்தார். "கடசீல பாருங்க, என்னையும் சிலிங்கில போட்டுத் தூக்கிட்டாங்க. சைகை காட்டத்தான் ஆளில்ல."

அதிகாரியிடம் அவர் அதை அப்படியே சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன். "உங்கட பேர் இதில வரத் தேவையில்லை டீச்சர்," என்றார் அதிகாரி. "எழுதுங்கோ," என்றேன். எழுதினார். அந்தக் கிழமையே பாடசாலையில் கதை பரவிவிட்டது. நான் வகுப்புக்குள் போனால் பின்வரிசை வாங்கில் ஒரு பிள்ளை போத்தல் குலுக்குவதுபோலக் கையை ஆட்டும்; மற்றப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும்.

துறைமுகத்தின் முடிவு இதுதான்: யோகன் வின்ச்சில் ஏறக்கூடாது. கரையில், உடைந்த தேயிலைப் பெட்டிகளுக்குத் தகரப்பட்டி அடிக்கும் வேலை. ஒவ்வொரு காலையும் ஆஸ்பத்திரியில் ஆள் பார்க்க மருந்து குடித்துவிட்டுத்தான் வேலைக்கு வரவேண்டும். காயப்பட்டவரின் வீட்டிலிருந்து ஆறு கிழமைக்குள் முறைப்பாடு வந்தால் இலக்கம் ரத்து.

ஆகவே நாங்கள் நூரும்மாவின் நாற்பது கழியக் காத்திருந்தோம்.

பகல் மணி அடித்ததும் யோகன் ஜெற்றியிலிருந்து வருவான். நகமெல்லாம் சுத்தியல் பட்டுக் கறுத்திருக்கும். காக்காவுக்கு முகம் வழிப்பான், கட்டில் சட்டி எடுப்பான். முதலில் அவர் அவனோடு பேசவில்லை. இரண்டாம் கிழமை, "டேய், மீசைய விடு, அது வாப்பா தந்த சொத்து," என்றார். அவ்வளவுதான். கிழமைக்கொருமுறை நூரும்மா எருமைத் தயிர் முட்டியொன்று அனுப்புவாள். தம்பிமார் அதை எங்களைப் பார்க்காமல் கட்டிலில் வைத்துவிட்டுப் போவார்கள். காக்கா பாதியைத் தின்று, மீதியை யோகன் பக்கம் தள்ளிவிடுவார். பெட்டிசம் எழுதி முடிந்துவிட்டதென்று மட்டும் கேள்விப்பட்டோம். பெருவிரல் அடையாளம்தான் பாக்கி.

ஆறு கிழமை முடிய இரண்டு நாள் இருக்க, பகல் பார்வையாளர் நேரத்தில் அவள் வந்தாள். கிண்ணியாத் துறையில் ஓடமேறி, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். தோளில் பிள்ளை. பின்னால் தம்பிமார் இருவரும். யோகன் சவர்க்கார நுரையோடு கத்தியைப் பிடித்தபடி நின்றான். காக்காவின் முகத்தில் பாதி வழித்திருந்தது.

அவள் புருஷனின் காலைப் பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். மணற்பையைத் தொட்டுப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். பிள்ளையை அவருடைய நெஞ்சில் கிடத்தினாள். நுரை பிள்ளையின் தலையில் பட்டது.

"ராத்தா, பெட்டிசக் கடதாசிய எடுங்க," என்றான் மூத்த தம்பி. "ஒப்பீசு நாலு மணிக்குப் பூட்டிருவாங்க."

அவள் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். "டீச்சர் ஆரு?" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் பைக்குள்ளிருந்து சின்னப் போத்தலொன்றை எடுத்தாள். பக்கத்தில் பல்லுப்பல்லாக வெட்டிய கடதாசி. உள்ளே வெள்ளை மருந்து.

"புள்ளைக்கு வயித்தோட்டம். வரக்குள்ள கீழ மருந்து எடுத்த நான். போத்தலுக்கு மூடி இல்ல. கையில கெடந்த கடதாசியச் சுருட்டி அடச்சிட்டன்."

போத்தல் வாயில் செருகியிருந்த கடதாசி மருந்தில் ஊறி, நீல மை கரைந்து வழிந்திருந்தது. அந்தச் சுருளின் ஓரத்தில் என் மகனுடைய பெயரின் பாதி இன்னும் தெரிந்தது.

"ராத்தா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இரி," என்றாள். போத்தலை என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடித்தாள்.

"இதுலயும் அடியில மண்டி கெடக்கு டீச்சர். பிழையாக் குடுத்த கை ஒங்கட கைதானே. சரியா எப்பிடிக் குடுக்கிறெண்டு அதுக்குத்தான் தெரியும். காட்டுங்க."